ஹோசியா தார்ப் எழுதிய குறைகள்

பள்ளிக்கூடம் நடந்த காலத்தில் ஹோசியா தார்ப் யாரையாவது பாராட்டி எழுதி நான் பார்த்ததில்லை. பதினெட்டு வருஷம் அவருடைய அலுவலகத்தில் உட்கார்ந்து, அவர் எழுதிக் கொடுத்ததையெல்லாம் தட்டச்சு செய்தவள் நான். அப்படி ஒரு வரி இருந்திருந்தால் என் விரல்களைத் தாண்டிப் போயிருக்க முடியாது.

அமெரிக்காவின் ஜார்ஜியாவில் எங்கள் ஹால்செல் ஊரில் அப்போது பள்ளிக்கூடம் இரண்டு. வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு மேட்டுத் தெருவில் செங்கல் கட்டடம். எங்கள் கறுப்பினப் பிள்ளைகளுக்கு ரயில் பாதைக்கு இந்தப் பக்கம் கீட்டன் பள்ளி. மேட்டில் புத்தகம் கிழிந்தால் எங்களுக்கு வரும், மேசைக்கால் உடைந்தால் எங்களுக்கு வரும். தார்ப் சார் கீட்டனுக்குத் தலைமையாசிரியர். அவருடைய அப்பா பைன் காட்டில் மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர், கையெழுத்துக்குப் பதில் பெருக்கல் குறி போட்டவர். மகன் ஜூலை வெயிலிலும் கோட்டுப் பொத்தானைக் கழற்ற மாட்டார். இருபத்து நான்கு ஆசிரியர்களும் அவருக்குப் பயந்தார்கள். நான் பயப்படவில்லை என்று சொன்னால் என் அம்மா கல்லறையிலிருந்து எழுந்து வந்து சிரிப்பாள்.

வருஷத்துக்கு இரண்டு முறை ஒவ்வொரு வகுப்பிலும் கடைசி பெஞ்சில் போய் உட்காருவார். கையில் ஒரு பழுப்பு நோட்டு. பிறகு அதை என்னிடம் கொடுப்பார், நான் படிவத்தில் அடிப்பேன். அந்தப் படிவம் அவரே வகுத்தது. மேலே ஆசிரியர் பெயர், வகுப்பு, தேதி, அன்று நடந்த பாடம். கீழே ஒரே ஒரு தலைப்பு: 'திருத்த வேண்டியவை'. நல்லவற்றுக்கு இடமே கிடையாது. ஒரு பிரதி கோப்புக்கு, ஒரு பிரதி ஆசிரியருக்கு. படித்துப் பார்த்து ஆசிரியர் அடியில் கையெழுத்துப் போட வேண்டும்.

'இரண்டு நாள் எட்டு நிமிடம் தாமதம்.' 'பிள்ளைகளைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துப் பாடம் நடத்துகிறார்.' இப்படித்தான் இருக்கும். வெர்லீன் ஓகில்ஸ்பி என்று கணக்கு டீச்சர் ஒருத்தி இருந்தாள். ஆள் குள்ளம், குரல் மட்டும் தேவாலய மணி. அவள் வந்த முதல் வருஷம் அவர் எழுதினார்: 'கரும்பலகை எழுத்து கடைசி பெஞ்சுக்குப் புரியவில்லை. மெதுவாகக் கற்கும் பிள்ளைகளிடம் பொறுமை போதாது.'

வெர்லீன் என் மேசைக்கு முன்னால் வந்து நின்று குதித்தாள்.

"கோழி கிண்டுன மாதிரி இருக்காமா என் எழுத்து?"

"அப்படி எழுதல டீச்சர். கடைசி பெஞ்சுக்குப் புரியலன்னுதான் எழுதிருக்காரு."

"அவருக்குக் கண்ணு தெரியலன்னா நான் என்ன பண்ணுவேன்? கண்ணாடி மாத்தச் சொல்லு!"

"கையெழுத்துப் போட்டுட்டுத் திட்டுங்க."

போட்டுவிட்டுத் திட்டினாள். ஆனால் அன்றைக்குப் பள்ளி விட்ட பிறகு அவள் வகுப்பில் சாக்கட்டி சத்தம் கேட்டது. ஒரு வரி எழுதுவாள், கடைசி பெஞ்சுக்கு ஓடிப்போய் உட்கார்ந்து பார்ப்பாள், அழித்துவிட்டு மறுபடி எழுதுவாள். இரண்டு வருஷத்தில் அவளுடைய கரும்பலகை அச்சடித்த மாதிரி ஆகிவிட்டது. பெருக்கலே வராத பையன்கள் அவளிடம் படித்துக் கல்லூரிக்குப் போனார்கள். அடுத்த படிவத்தில் அந்தக் குறை இல்லை. வேறு குறை இருந்தது. ஒரு குறை காணாமல் போவதுதான் தார்ப் சாருடைய பாராட்டு.

வாயால் மட்டும் பாராட்டுவார், அதுவும் சம்பந்தப்பட்டவரிடம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, கோயில் முற்றத்தில் பொரித்த மீனும் சோள ரொட்டியும் தட்டில் விழும் நேரத்தில், வெர்லீனுடைய அம்மாவிடம் போய் நிற்பார்.

"அம்மா, ஒங்க பொண்ணு மாதிரி கணக்குச் சொல்லிக் குடுக்க இந்த ஜார்ஜியாவுலயே ஆள் கெடையாது."

இரண்டு மேசை தள்ளி வெர்லீன் காது கேட்காதவள் மாதிரி மீனில் முள் எடுத்துக்கொண்டிருப்பாள். முகம் மட்டும் மலர்ந்திருக்கும்.

ஒரு நாள் நான் கேட்டே விட்டேன். "அத ஒரு வரி எழுதினா என்ன சார் கொறஞ்சு போயிருவீங்க?"

"வருஷா வருஷம் மேட்டுலருந்து ஒரு ஆய்வாளர் வர்றாரே, அவரு என்ன சொல்லுவாரு, ஞாபகம் இருக்கா?"

இருந்தது. வகுப்பு வாசலைத் தாண்ட மாட்டார் அந்த ஆள். தொப்பியைக் கழற்றாமல் எட்டிப் பார்த்து, "நல்லாருக்கு, நல்லாருக்கு, ஒங்க ஆளுங்களுக்கு இது போதும்" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிவிடுவார்.

"நம்மகிட்ட ஒண்ணுமே எதிர்பாக்காதவன் அப்படித்தான் சொல்லுவான், லுவீனியா. கொற சொல்றதுக்கு முழு மணி நேரம் ஒக்காந்து பாக்கணும். என் டீச்சருங்களுக்கு நான் ஒக்காந்து பாக்குறேன்."

அப்போது எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. இப்போதும் பாதி நியாயமாகப் படுகிறது, அதுதான் என் எரிச்சல்.

1970 வசந்தத்தில் நீதிமன்ற உத்தரவு வந்தது. ஆகஸ்டிலிருந்து ஊருக்கு ஒரே பள்ளி. நிறத்துக்கு ஒரு பள்ளி கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லியும் பதினாறு வருஷம் இழுத்தடித்த பிறகு வந்த உத்தரவு. கோயிலில் அழுதார்கள், பாடினார்கள், நானும் பாடினேன். பள்ளி ஒன்றானால் எந்தக் கட்டடம் மூடும், எந்த ஆசிரியர்கள் வெளியே போவார்கள் என்று பாடும்போது யாரும் யோசிக்கவில்லை. கீட்டன்தான் மூடியது. ஆசிரியர்கள் அதிகமாக இருக்கிறார்கள், சிலரைக் கழிக்க வேண்டும் என்று மாவட்டக் கல்வி அதிகாரி கார்லன்ட் மிம்ஸ் கடிதம் எழுதினார். நிறம் பார்க்க மாட்டோம், தகுதி மட்டுமே பார்ப்போம், இரண்டு பள்ளியும் ஆசிரியர் கோப்புகளை அனுப்புங்கள் என்று அதில் இருந்தது.

அந்தக் கடிதத்தைப் படித்து தார்ப் சார் சந்தோஷப்பட்டார். அவர் பல் தெரியச் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

"இதுக்குத்தான் நான் காத்துக்கிட்டிருந்தேன். ரெண்டு கோப்பையும் பக்கத்துல பக்கத்துல வெக்கட்டும். யாரு பள்ளிக்கூடம் நடத்துனா, யாரு வேடிக்க பாத்தான்னு தெரிஞ்சு போகும்."

நான் ஒரு கோப்பைத் திறந்து அவர் முன்னால் வைத்தேன். "சார், இதுல கொற மட்டும்தானே இருக்கு?"

"இருக்கட்டும். எவ்வளவு நுணுக்கமாப் பாத்திருக்கோம்னு படிக்கிறவனுக்குப் புரியும்."

"நல்ல மனசோட படிக்கிறவனுக்குப் புரியும் சார். நான் வேணா ரெண்டு நாள் ஒக்காந்து ஆளுக்கு ஒரு பக்கம் நல்லதா அடிச்சிர்றேன். பழைய தேதி போட்டா யாருக்குத் தெரியும்?"

அவர் என்னைப் பார்த்த பார்வையில் நான் நாற்காலியோடு ஓரடி பின்னால் போனேன்.

"இந்த ஆபீஸ்லருந்து பொய்க் காகிதம் போனதில்ல. கடைசி மாசத்துல அத ஆரம்பிக்க வேண்டாம்."

கோப்புப் பெட்டிகளை அவரே தூக்கித் தன் பழைய பிளிமத் காரில் ஏற்றினார். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு பெட்டியையாவது கீழே போட்டு எரித்திருக்கலாம். செய்யவில்லை.

ஜூனில் பட்டியல் வந்தது. எங்கள் இருபத்து நான்கு பேரில் ஒன்பது பேருக்கு வேலை இல்லை. மேட்டுப் பள்ளியில் ஒருவருக்குக்கூடப் போகவில்லை. அங்கிருந்து வந்த கோப்புகளைப் பின்னால் வக்கீல் மேசையில் பார்த்தேன். ஆளுக்கு வருஷத்துக்கு ஒரு துண்டுச் சீட்டு, அதில் ஒரே ஒரு சொல்: 'திருப்திகரம்'. குடித்துவிட்டு வகுப்பில் தூங்குகிற ஒரு சரித்திர வாத்தியாரை ஊரே அறியும். அவரும் திருப்திகரம். எங்கள் பக்கம் கட்டுக்கட்டாகக் குறைகள், ஒவ்வொன்றின் அடியிலும் ஒப்புக்கொண்டு போட்ட கையெழுத்து. மிம்ஸுக்கு வேலையே வைக்கவில்லை தார்ப் சார். ஒன்பது பேரில் வெர்லீன் பெயர் மூன்றாவது. 'மாணவர்களிடம் பொறுமையின்மை, தெளிவற்ற எழுத்து' என்று காரணம் போட்டிருந்தார்கள். பதினொரு வருஷத்துக்கு முந்தைய குறை அது.

தார்ப் சாருக்கு ஒரு வேலை கொடுத்திருந்தார்கள். துணைத் தலைமையாசிரியர், பேருந்துப் பொறுப்பு, முதல் வருஷம் சோதனைக்காலம்.

எட்டுப் பேர் விதி என்று விட்டுவிட்டார்கள். வெர்லீன் மட்டும் விடவில்லை. ஆசிரியர் சங்கம் அட்லாண்டாவிலிருந்து ஒரு வக்கீலை அனுப்பியது. ஜூலையில் கல்விக் குழுவின் முன் விசாரணை. தார்ப் சாரைச் சாட்சியாகக் கூப்பிட்டது குழு. முந்தின நாள் வெர்லீன் எங்கள் காலி அலுவலகத்துக்கு வந்தாள். சுவரில் படம் மாட்டியிருந்த இடமெல்லாம் வெள்ளையாகத் தெரிந்தது.

"நாளைக்கு என்ன சொல்லப் போறீங்க, சார்?"

"உண்மைய."

"எந்த உண்மைய? காகிதத்துல இருக்குறதையா, எங்கம்மாகிட்ட சொன்னதையா?"

"ரெண்டையும் சொல்லுவேன், வெர்லீன்."

"எனக்கு இந்த வேலையத் தவிர வேற ஒண்ணும் தெரியாது சார்" என்றாள். அவள் குரல் அவ்வளவு சின்னதாக நான் கேட்டதில்லை.

விசாரணை நீதிமன்றக் கூடத்தில் நடந்தது. குழுவில் ஐந்து வெள்ளைக்காரர்கள், மின்விசிறிக்குக் கீழே. எங்கள் வக்கீல் முதலில் கேட்டார், மிஸ் ஓகில்ஸ்பி எப்படிப்பட்ட ஆசிரியர் என்று. தார்ப் சார் நிமிர்ந்து உட்கார்ந்து, தான் பார்த்த ஆசிரியர்களிலேயே அவள்தான் சிறந்தவள் என்று சொன்னார். எனக்கு மூச்சு வந்தது. அப்புறம் குழுவின் வக்கீல் எழுந்தார்.

"ஹோசியா, இதெல்லாம் நீ எழுதுனதுதானே?"

வயதில் மகனாகிற ஆள். பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டான்.

"ஆமா."

"எழுதுனப்ப உண்மையா?"

"எழுதுனப்ப உண்மை."

"பதினோரு வருஷம், இருபத்திரண்டு படிவம். இதுல ஒண்ணுலயாவது அந்தப் பொண்ணு நல்லா சொல்லிக் குடுக்குதுன்னு ஒரு வரி இருக்கா?"

"அந்தப் படிவத்துல அதுக்கு எடம் இல்ல."

"படிவத்த யாரு போட்டது?"

"நான்."

"அப்ப ரெண்டுல ஒண்ணு. பதினோரு வருஷம் உண்மைய மறைச்சு எழுதுனே. இல்லன்னா இன்னைக்கு வேண்டிய பொண்ணுக்காகப் பொய் சொல்றே. எது?"

தார்ப் சார் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. சோதனைக்கால வேலையை நினைத்துப் பயந்தாரா என்று பிற்பாடு சிலர் கேட்டார்கள். கொஞ்சம் பயந்திருப்பார், நான் அவருக்காகப் பூசி மெழுகப் போவதில்லை. ஆனால் நான் முகத்தைப் பார்த்தவள். வாழ்நாளில் பொய்க் காகிதம் எழுதியதில்லை என்ற ஒன்றே சொத்தாக இருந்த மனிதருடைய கழுத்தை அந்தச் சொத்தைக் கொண்டே நெரித்தார்கள். மேசைமேல் இருந்த தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பதில் இல்லை என்று எழுதிக்கொள்ளச் சொன்னார் வக்கீல். இருபது நிமிஷத்தில் தீர்ப்பு. வெர்லீனுக்கு வேலை இல்லை.

வெளியே படிக்கட்டில் அவரைத் தாண்டும்போது அவள் நின்றாள்.

"எங்கம்மாகிட்ட சொன்னத இவங்ககிட்டயும் சொன்னீங்க சார். எங்கம்மா மட்டும்தான் நம்புனா."

அவ்வளவுதான் சொன்னாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு தார்ப் சார் என் வீட்டுக்கு வந்து, தட்டச்சு இயந்திரத்தை இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லையே என்று கேட்டார். பள்ளிக்கூடம் போனோம். பெட்டியில் மீதமிருந்தது அந்தப் படிவம் மட்டும்தான், அதையே செருகினேன். 'அன்று நடந்த பாடம்' என்ற இடத்தில் அவர் சொல்லச் சொல்ல அடித்தேன். சாக்கட்டியோடு கடைசி பெஞ்சுக்கு ஓடினது, பெருக்கல் வராத பையன்கள், காய்ச்சலோடு வந்து நடத்தின பாடம், எல்லாவற்றையும் சொன்னார். இவ்வளவையும் பார்த்து வைத்திருக்கிறாரே என்று எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. கீழே 'திருத்த வேண்டியவை' என்ற இடத்துக்கு வந்ததும் நான் நிறுத்தினேன்.

"அத காலியா விட்டுரு" என்றார்.

அதைக் கொண்டுபோய் மிம்ஸ் அலுவலகத்தில் கொடுத்தார். அங்கிருந்த பெண் 'பெறப்பட்டது' என்று முத்திரை குத்தி ஒரு இழுப்பறையில் போட்டாள். முடிந்த வழக்குக்கு வந்த காகிதம், யார் படிப்பார்கள்? இன்னொரு பிரதி அவரிடம் இருந்தது. அதை வெர்லீனிடம் கொடுக்கச் சொல்லி நான் தலைபாடாக அடித்துக்கொண்டேன். ஐந்து தெரு தள்ளித்தான் வீடு. அவர் போகவில்லை. அந்த வாரமே வெர்லீன் வடக்கே கிளீவ்லாந்து நகரத்துக்குப் பேருந்து ஏறினாள். அங்கே ஒரு தொழிற்சாலையில் மின்விளக்குகளைக் காகிதத்தில் சுற்றிப் பெட்டியில் அடுக்கும் வேலை கிடைத்ததாக அவள் அம்மா சொன்னாள்.

புதிய பள்ளியில் என்னைச் சாப்பாட்டுக் கூடத்தில் சீட்டுக் கிழிக்கப் போட்டார்கள். அதனால் தார்ப் சாரைத் தினமும் பார்த்தேன். கொதிகலன் அறைக்குப் பக்கத்தில் அவருக்கு ஒரு மேசை. காலையிலும் மாலையிலும் கோட்டுப் போட்டுக்கொண்டு பேருந்துகளுக்கு நடுவே நிற்பார். எந்த வகுப்புக்குள்ளும் போக அவருக்கு அனுமதி இல்லை. எங்கள் பிள்ளைகளைக் கடைசி வரிசையில் உட்கார வைத்தார்கள், வாய் திறந்தால் வீட்டுக்கு அனுப்பினார்கள். அனுப்பப்பட்ட பிள்ளைகளுக்குப் பேருந்து ஏற்பாடு செய்வது அவர் பொறுப்பு. பழைய ஆசிரியர்களில் மிஞ்சியவர்கள் நடைகூடத்தில் அவரைக் கண்டால் காலை வணக்கம் சொல்வார்கள். ஒன்பது பேருடைய குடும்பங்கள் கோயிலில்கூடச் சொல்லவில்லை.

ஒவ்வொரு மே மாதமும் அவருக்கு ஒரு துண்டுச் சீட்டு வரும். 'திருப்திகரம்'. ஆறாம் எண் பேருந்தின் பிரேக் போய் வாய்க்காலில் இறங்கியது ஒரு வருஷம். நான்கு முறை எழுதிக் கொடுத்திருந்தார், யாரும் படிக்கவில்லை. பிள்ளைகள் தப்பினது தெய்வச் செயல். அந்த மே மாதமும் அதே சீட்டு. அதை எடுத்துக்கொண்டு அவர் தலைமையாசிரியர் டாப்ஸிடம் போனார். கதவு திறந்திருந்தது, நான் சாப்பாட்டுக் கணக்கோடு வாசலில் நின்றேன்.

"நான் திருத்திக்க வேண்டியது எதுனாச்சும் இருந்தா சொல்லுங்க, மிஸ்டர் டாப்ஸ்."

"ஒண்ணும் இல்லப்பா ஹோசியா. எல்லாம் நல்லாத்தான் இருக்கு."

டாப்ஸ் தலை நிமிரவில்லை. வெளியே வந்த தார்ப் சார் என்னைப் பார்க்காத மாதிரி போனார்.

1979இல் ஓய்வு பெற்றார். கேக் வெட்டினார்கள், கேக்கில் பேருந்துப் படம் போட்டிருந்தார்கள். மறுநாள் என் சமையலறைக்கு வந்து ஒன்பது சீட்டுகளையும் மேசையில் வரிசையாக வைத்தார்.

"ஒம்போது வருஷத்துல ஒரு கொறகூட இல்ல, லுவீனியா. ஒருத்தன்கூட ஒக்காந்து பாக்கல."

"இப்பவாவது புரியுதா சார், வெர்லீனுக்கு அந்தக் காகிதம் குடுத்திருக்கணும்னு?" என்று கேட்டுவிட்டேன். எவ்வளவு நாள்தான் வாயை மூடிக்கொண்டிருப்பது?

சட்டைப்பையிலிருந்து அந்தப் பிரதியை எடுத்தார். மடிப்பு நைந்துபோயிருந்தது. நான் உறையில் கிளீவ்லாந்து முகவரி எழுதினேன்.

மூன்று வாரத்தில் என் முகவரிக்கே திரும்பி வந்தது. அவரைக் கூப்பிட்டனுப்பி, அவர் முன்னால் பிரித்தேன். கடிதம் எதுவும் இல்லை. அதே படிவம்தான். 'திருத்த வேண்டியவை' என்ற தலைப்புக்குக் கீழே, ஒன்பது வருஷம் காலியாகக் கிடந்த இடத்தில், நீல மையில் ஒரு வரி: 'ஒன்பது வருடம் தாமதம்.' அதற்கு அடியில், படித்துப் பார்த்ததற்கு அடையாளமாக, வெர்லீன் ஓகில்ஸ்பி என்று கையெழுத்து.

அவர் அதைக் கையில் வாங்கிப் படித்தார். உடைந்து அழுவார் என்று நினைத்து நான் தண்ணீர் மொண்டு வைத்தேன். அவர் அந்தக் காகிதத்தை எடுத்துப்போய் அறையின் அந்தக் கோடியில் அலமாரி மேல் சாய்த்து வைத்தார். திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"இங்கருந்து படிக்க முடியுது" என்றார். "எவ்வளவு திருத்தமான எழுத்து. மின்விளக்கு சுத்துற கையி எழுதுனது, பாரு."

"ஆமா சார்."

"இத எழுதி வை, லுவீனியா."

நான் பேனாவை எடுத்து எழுதினேன். எந்தக் கோப்பில் வைப்பது என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.